உயிரோடிருக்கும் தம்பிக்கு

ஹொசூர்
18 நவம்பர் 1983

அண்ணன் யமனப்பாவுக்கு,

நான் செத்துப்போன செய்தி நேற்றுத்தான் எனக்கு வந்து சேர்ந்தது.

வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தேன். மரகுந்தி சங்கனகௌடர் வீட்டு வண்டி வந்து நின்றது. தலையில் துண்டும் முகமெல்லாம் தூசியுமாக இருந்த என்னை, யாரோ கூலிக்காரன் என்று வண்டிக்காரன் நினைத்திருப்பான். நேரே குடிசைக்குள் குனிந்து, காரெவ்வாவின் முன்னால் ஒரு மூட்டை சோளத்தையும் கரையில்லாத வெள்ளைச் சேலை ஒன்றையும் வைத்தான். கௌடர் வீட்டம்மா மனதைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார்களாம். யார் செத்தது என்று இவள் கேட்டிருக்கிறாள். உங்கள் வீட்டுக்காரர்தான் என்றானாம். இவள் வெளியே எட்டிப் பார்த்தாள்.

"அப்ப அங்க விறகு ஒடைக்கிறது யாரு?"

அவன் திரும்பிப் பார்த்தான். நானும் மரியாதைக்குக் கோடரியைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டேன். வண்டியை விட்டுவிட்டு ஓடிவிட்டான். மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டியது நான்தான்.

சாயங்காலம் நாலு ஆட்களைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோது விவரம் சொன்னான். தீபாவளிக்கு முன்னால், நம்மைப் போல வம்சம் சொல்கிற ஹெலவன் ஒருவன் வந்தானாம். ஒரு கொம்பு வளைந்த காளையாம். கையில் பெரிய வெண்கல மணியாம். பாலப்பா போய்விட்டான், இனிமேல் இந்த வீட்டுக்கு வம்சம் சொல்ல நான்தான் என்று சொன்னானாம். சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டானாம். ஒரு காளைக்கன்றும் வேட்டி துண்டும் வாங்கிக்கொண்டு போனானாம்.

அந்த மணி யாரிடம் இருக்கிறது என்று நான் உன்னைக் கேட்கவில்லை. அப்பாவின் மணி மூத்தவனுக்கு என்று நீதான் எடுத்துக்கொண்டாய்.

நாம் நிலம் உழுகிறவர்கள் இல்லை, கடை வைத்திருப்பவர்கள் இல்லை. வாசல் வாசலாகப் போய், இந்த வீட்டில் இன்னார் பிறந்தார், இன்னார் போய்ச் சேர்ந்தார் என்று பிசகாமல் சொல்வதற்குத்தான் ஊர் நமக்குச் சோறு போடுகிறது. அதில் போய் இப்படிச் செய்திருக்கிறாய். அம்மா உனக்கு யமனப்பா என்று சும்மா பேர் வைக்கவில்லை.

பதில் எழுது.

இன்னும் சாகாத
பாலப்பா


கல்லாபுரம்
2 டிசம்பர் 1983

உயிரோடிருக்கும் தம்பி பாலப்பாவுக்கு,

உன் கடிதம் மகபூப் டீக்கடையில் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் கிடந்தது. ஊர் சுற்றிவிட்டு நேற்றுத்தான் வந்தேன். நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்து சந்தோஷம். சோளமும் வந்ததாமே. செத்த உனக்கு மூட்டை வருகிறது. உயிரோடு இருக்கிற எனக்கு ஒரு படி வரவில்லை.

நடந்தது வேறு. மாட்டுக்குத் தண்ணீர் காட்டத்தான் உன் பங்கு ஊரான மரகுந்திக்குள் போனேன். கௌடர் உன்னை விசாரித்தார். உடம்பு சரியில்லை என்று சொன்னேன். அவ்வளவுதான். பேச்சு ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போவதற்குள் கண் காது மூக்கு வைத்துவிடுகிறார்கள். அதற்கு நான் என்ன செய்ய? கன்று கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். கொடுக்கிற கையைத் தட்டுவது நம் சாதியில் உண்டா?

நீ பெரிதாகப் பாகப்பிரிவினையை நினைவுபடுத்துகிறாய். நானும் அதைத்தான் தினம் நினைக்கிறேன். அப்பா இருக்கும்போதே ஊர்களைப் பிரித்தோம். மூத்தவன் என்று என்னை முதலில் எடுக்கச் சொன்னார். ஆற்றங்கரை ஊர்களை எடுத்தேன். கரிசல் மண், மாந்தோப்பு, மாட்டுக்கொம்புக்கு வெள்ளிப்பூண் போடுகிற வீடுகள். உனக்குக் கல்லுக்காட்டு ஊர்கள் வந்தன. வம்சம் முழுக்கச் சொன்னாலும் ஒரு செம்பு மோர் கொடுத்து அனுப்புகிற ஊர்கள். அன்றைக்கு நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பிறகு அணை கட்டினார்கள். ஆறு என் பக்கம் ஏறியது, வாய்க்கால் உன் பக்கம் ஓடியது. என் வீடுகளை முழுங்கிய தண்ணீர்தான் உன் ஊர்களில் கரும்பாக நிற்கிறது. நான் கை நீட்டி எடுத்த பங்கு. யாரைத் திட்டுவேன்?

முழுகிய நிலத்துக்கு நஷ்டஈடு எழுத அதிகாரி வந்தார். நானும் வரிசையில் நின்றேன். உனக்கு என்னய்யா போச்சு என்றார். நான் வம்சம் சொல்கிற குடிவீடுகளெல்லாம் போகின்றன என்றேன். உன் வீடு எது என்றார். எல்லா வீடும்தான் என்றேன். சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நிலம் போனவனுக்குப் பணம். பேர் போனவனுக்கு என்ன இருக்கிறது?

கெட்டும் பட்டணம் சேர் என்று அந்த வீட்டுக்காரர்களில் ஒருத்தன் பூனாவுக்குப் போனான், ஒருத்தன் கோவாவுக்குப் போனான். தேடிக்கொண்டு பூனாவுக்கே போனேன். காளையைக் கீழே விளக்குக் கம்பத்தில் கட்டிவிட்டு மூன்றாம் மாடிக்கு ஏறி வம்சம் சொன்னேன். அந்த வீட்டுப் பெண் ரேடியோ சத்தத்தைக் குறைக்கக்கூட இல்லை. வரும் வழியில் ஓர் ஊரில் யாருடைய கோழியோ காணவில்லையாம். எல்லையில் கூடாரம் போட்டிருந்த என் மூட்டையைத்தான் அவிழ்த்து உதறினார்கள்.

உன் கூடாரத்தை யாராவது உதறுகிறார்களா? நீ கௌடர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் வைக்கோல் மேல் படுக்கிறாயாம். கேள்விப்பட்டேன்.

யமனப்பா


ஹொசூர்
20 டிசம்பர் 1983

அண்ணாவுக்கு,

மரகுந்திக்குப் போய்வந்தேன். உடம்பு சரியில்லை என்று மட்டும் நீ சொன்னதாக எழுதியிருந்ததை நம்பித்தான் போனேன். என்னை உயிரோடு பார்த்தால் சிரிப்பார்கள், ரொட்டி போடுவார்கள், அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

விடிகாலையில் வழக்கம்போல வாசலில் நின்று குரல் கொடுத்தேன். கௌடரின் மூத்த மருமகள் கதவைத் திறந்தாள். என்னைக் கண்டதும் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அண்ணா, அந்தக் குழந்தையின் பேரை வம்சத்தில் சேர்த்தது நான். என் கண் பட்டால் ஆகாது என்று அதற்கு முகத்தை மூடுகிறார்கள்.

கௌடர் வெளியே வந்தார். கோபமில்லை அவருக்கு. திண்டாடினார் என்றுதான் சொல்ல வேண்டும். என் கையைத் தொட்டுக்கூடப் பார்த்தார்.

"எனக்குத் தெரியுதுப்பா நீ உசுரோட இருக்கேன்னு. ஆனா இந்த வீட்ல எல்லாரும் உனக்குத் தலைமுழுகிட்டோம். தலைமுழுகின வாயிலேருந்து எம் பேரப்பசங்க பேரு வரக்கூடாது. பொம்பளைங்க ஒத்துக்க மாட்டாங்க."

நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். இரண்டு வழி சொன்னார். செத்தான் என்று சொன்ன வாயே இதே வாசலில் வந்து, சொந்தக்காரர்கள் முன்னால், பொய் சொன்னேன் என்று திருப்பிச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் செத்தவனுக்கு வாரிசு யாரோ அவன் வந்து வம்சம் சொல்ல வேண்டும். சித்திரை மாதம் அவருடைய கடைசி மகனுக்குக் கல்யாணம். பக்கத்து ஊர்களில் இருக்கிற பங்காளி வீடுகள் எல்லாம் வரும். அதற்குள் முடியாவிட்டால் பிஜாப்பூர்ப் பக்கத்திலிருந்து வேறு ஹெலவனைக் கூப்பிட்டுவிடுவார். அவர் போனால் பங்காளி வீடுகளும் அவர் பின்னால் போய்விடும். எனக்கு அப்புறம் எதுவும் மிஞ்சாது.

எனக்கு ஏது வாரிசு? காரெவ்வாவைக் கட்டிப் பதினேழு வருஷம் ஆகிறது. உனக்கு இரண்டு மகன்கள். மணியும் உனக்கு. அம்மா கடைசிவரை இருந்ததும் உன் கூடாரத்தில். என்னிடம் இருந்தது இந்த ஊர்கள்தான். அதுவும் நீ வேண்டாம் என்று ஒதுக்கியது.

கல்யாணத்துக்கு முன்னால் வந்து சொல்லிவிட்டுப் போ. உன் காலில் விழுந்து கேட்கவில்லை. நீ உடைத்ததை ஒட்டவைக்கச் சொல்கிறேன்.

பாலப்பா


கல்லாபுரம்
8 ஜனவரி 1984

தம்பிக்கு,

சரி. சொன்னேன். செத்துவிட்டான் என்றுதான் சொன்னேன். இப்போது திருப்தியா?

எப்படி வந்தது என்றும் கேட்டுக்கொள். முற்றத்தில் உட்காரச் சொன்னார்கள். புதிய டிராக்டருக்கு மாலை போட்டிருந்தது. சுடச்சுடப் போளி போட்டு நெய் ஊற்றினார்கள். நெய்யைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. அப்போது அந்த மருமகள் சொன்னாள்: "பாலப்பாவுக்கு ஏலக்காய் தூக்கலா இருக்கணும். அதான் இப்படியே போட்டுப் பழகிட்டோம்." கௌடர் சொன்னார், பாலப்பா சொல்லும்போது ஏழு தலைமுறையும் வந்து எதிரில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று. கையிலிருந்த போளியை இலையிலேயே வைத்துவிட்டேன்.

வம்சம் சொல்ல உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? பாதியில் மூச்சு வாங்குகிறவன் நீ. பாட்டன் பேரை விட்டுவிட்டுப் பேரனுக்குத் தாவுவாய், நான் பக்கத்திலிருந்து கிள்ளுவேன். அந்த நீ அந்த வீட்டில் ஏலக்காய் கேட்டுச் சாப்பிடுகிறாய். நான் பூனாவில் மாடிப்படி ஏறுகிறேன். வயிறு பற்றி எரிந்தது. அப்போதுதான் அவர், பாலப்பா ஏன் இந்த வருஷம் இன்னும் வரவில்லை என்று கேட்டார். வாயில் வந்துவிட்டது.

சொல்லி முடித்ததும் என்ன நடந்தது தெரியுமா? வீடே அழுதது. கௌடர் தலைப்பாகையைக் கழற்றிக் கீழே வைத்தார். அந்த மருமகள் அடுப்பை அணைத்தாள். வேலைக்காரன்கூட மூக்கைச் சிந்தினான். நானும் அழுதேன், அது நடிப்பில்லை. நாளைக்கு நான் நிஜமாகவே செத்தால் அடுப்பை அணைக்க எனக்கு ஒரு வீடு இருக்கிறதா என்று நினைத்து அழுதேன். என் வீடுகளெல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. நீ சாகாமலே உனக்கு அழுகிறார்கள். அதையும் பார்த்துப் பொறாமைப்பட்டேன், எழுதுவதற்கு என்ன வெட்கம்.

ஆனால் வந்து திருப்பிச் சொல்ல என்னால் முடியாது. யோசித்துப் பார். உயிரோடிருக்கிற கூடப்பிறந்தவனைச் செத்தான் என்று சொன்ன ஹெலவன் என்று ஒரு வாசலில் பேராகிவிட்டால், மிச்சமிருக்கிற என் வீடுகளில் எவன் என் வாயை நம்புவான்? எனக்குக் குடிவீடு போயிற்று, ஊர் போயிற்று. சொன்னால் சொன்னதுதான் என்கிற பேர் ஒன்றுதான் பாக்கி. அதையும் கொண்டுவந்து உன் கௌடர் வாசலில் கொட்டச் சொல்கிறாயா?

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. கேட்காதே.

யமனப்பா


ஹொசூர்
25 ஜனவரி 1984

அண்ணாவுக்கு,

நீ வரவேண்டாம். இரண்டாவது வழி இருக்கிறது.

உன் சின்ன மகன் மல்லேசியை எனக்குக் கொடு. எனக்குச் சாவு கொடுத்தாய், அதற்கு ஒரு பிள்ளையையும் கொடு. கௌடரிடம் பேசிவிட்டேன். தம்பிக்குப் பிள்ளையில்லை என்று அண்ணன் தன் மகனைக் கொடுப்பது நம்மில் உள்ள வழக்கம்தானே என்று ஒத்துக்கொண்டார். வாசலில் நின்று வம்சம் தொடங்குவதற்கு முன்னால் சொல்கிறவன் தன் பேரையும் தகப்பன் பேரையும் சொல்ல வேண்டும் அல்லவா? அங்கே அவன், பாலப்பாவின் மகன் மல்லேசி என்று சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னால் போதாது. ஆயுசுக்கும் அப்படித்தான்.

நான் செத்தவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். ஊருக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்திருப்பேன்.

கூலிக்குக் கல் உடைக்கப் போகிற இடத்தில் அவன் தூசியைத் தின்றுதான் வாழ்கிறான் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் பார்த்தபோதே இருமிக்கொண்டிருந்தான். உன் மூத்தவன் உன்னிடம் இருக்கட்டும். உனக்கு அவன் போதும்.

பாலப்பா


கல்லாபுரம்
14 பிப்ரவரி 1984

பாலப்பாவுக்கு,

உன் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பிறகு உன் அண்ணி சித்தவ்வா என்ன எழுதியிருந்தது என்று கேட்டபோது ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். நம் பிழைப்பின் சாபம் அது. கேட்டதை மறக்க முடியாது.

அவள் என்னைத் திட்டுவாள், உன்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மல்லேசியின் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். வாளியில் தண்ணீர் சுண்ணாம்பாக இருந்தது, எல்லாம் கல் தூசி. அதை எனக்குக் காட்டினாள்.

"பேரு யாருதா இருந்தா என்ன? மூச்சு இவனோடதுதானே. குடுத்துடு."

பெற்றவள் அப்படிச் சொல்கிறாள். அவனையே கேட்டேன். கொஞ்ச நேரம் காலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றுவிட்டு, போகிறேன் என்றான். உடனே சொல்லியிருந்தாலாவது கோபத்தில் சொல்கிறான் என்று நினைத்திருப்பேன். யோசித்துச் சொன்னான். மறுநாள் குளிக்கும்போது அவன் சொல்லிப் பார்ப்பது கேட்டது. "பாலப்பாவின் மகன் மல்லேசி." என் குரல் அவனுக்கு. கீழே இறங்கி மேலே ஏறுகிற இடத்தில் நான் எப்படி இழுப்பேனோ அப்படியே இழுத்தான். என் குரலில் உன் பேர். கையிலிருந்த பல் விளக்கும் குச்சியைக் கடித்துத் துப்பினேன்.

அமாவாசை கழித்து அனுப்புகிறேன். எதற்கு அனுப்புகிறேன் என்றால் அவன் நெஞ்சுக்காக. உனக்காக என்று நினைத்துச் சந்தோஷப்படாதே.

மணியைக் கொடுத்தனுப்ப மாட்டேன்.

யமனப்பா


ஹொசூர்
22 மார்ச் 1984

அண்ணாவுக்கு,

மல்லேசி நல்லபடியாக இருக்கிறான். இருமல் குறைந்திருக்கிறது. காரெவ்வா பழைய சேலைகளை எல்லாம் கிழித்து அவனுக்கு ஒரு கௌதி தைத்தாள். ஊருக்கெல்லாம் போர்வை தைத்து விற்கிறவள், எனக்கு ஒன்று தைத்தது கிடையாது. அந்தக் கரையில்லாத வெள்ளைச் சேலையைத்தான் அடிப்பக்கத்துக்கு வைத்துத் தைத்திருக்கிறாள். வீணாகப் போகவில்லை.

அவன் கடலைத் துவையலுக்கு மூன்று ரொட்டி கூடச் சாப்பிடுகிறான். உன் வீட்டில் அவன் இவ்வளவு சாப்பிட்டானா என்று காரெவ்வா கேட்கிறாள். நான் கேட்கவில்லை, அவள்தான் கேட்கிறாள்.

சங்கனகௌடர் வம்சத்தை முழுக்கச் சொல்கிறான். பிசகு இல்லை. முதலில் காரெவ்வாவை, அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி, அவ்வா என்று கூப்பிட ஆரம்பித்தான். என்னைக் கூப்பிடத்தான் தடுமாறினான். சித்தப்பா என்று ஆரம்பித்து நிறுத்துவான். முந்தாநாள் சந்தையில், கூட்டத்துக்குள் நான் எங்கோ போய்விட்டேன் என்று தேடியிருக்கிறான். "அப்பா" என்று சந்தை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டான். உன் குரல்தான் அவனுக்கு, நீ சொன்னது சரி. திரும்பிப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. என்னைத்தான் என்று தெரியவில்லை.

சித்திரையில் கல்யாணம். முந்தின நாள் காலையில் அவன் வாசலில் நிற்பான். உனக்குத் தெரியப்படுத்த வேண்டியது என் கடமை, தெரியப்படுத்திவிட்டேன்.

பாலப்பா


கல்லாபுரம்
6 மே 1984

தம்பிக்கு,

மரகுந்தியில் நடந்தது உனக்கு இதற்குள் நாலு விதமாக வந்திருக்கும். நடந்ததை நான் சொல்கிறேன்.

உன் கடிதத்தைச் சித்தவ்வாவிடம் சொல்லவில்லை. அவளிடம் எதையும் மறைக்காத நான் அந்தச் சந்தை விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. எனக்கு நல்ல புத்தி வந்து மரகுந்திக்குப் போனேன் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடு. பொறாமையில் சொன்ன பொய்யைப் பொறாமையில்தான் போய் எடுத்தேன். அவன் சந்தையில் உன்னைக் கூப்பிட்டானே, அந்தக் குரல் கடிதத்திலிருந்து வந்து என் காதில் உட்கார்ந்துகொண்டது. அவன் முகத்தை நீ பார்த்திருப்பாய். திரும்ப உனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்றாம். நான் அங்கே இருந்திருந்தால் அவன் வாயை மூடுவதற்குள் திரும்பியிருப்பேன்.

நீங்கள் வருவதற்கு ஒருநாள் முன்னாலேயே போய்விட்டேன். கன்றையும் ஓட்டிக்கொண்டு போனேன். பந்தல் போட்டாயிற்று, பங்காளி வீடுகளெல்லாம் வந்தாயிற்று. மணியடித்தேன். கௌடர் வெளியே வந்து, வம்சம் சொல்லவா வந்தாய், உன் மகன் அல்லவா வரவேண்டும் என்றார். வம்சம்தான் சொல்லப்போகிறேன், ஆனால் உங்களுடையது இல்லை என்றேன்.

எங்கள் வீட்டு வம்சத்தைச் சொன்னேன். யார் வாசலிலும் யாரும் சொன்னதில்லை அதை. காலில்லாததால் ஹெலவன் என்று பேர் வந்த முதல் பாட்டன் காளை மேல் ஏறியதிலிருந்து தொடங்கினேன். எந்தெந்தக் காட்டில் யார் பிறந்தார்கள், எந்தக் கூடாரத்தில் யார் காய்ச்சலில் போனார்கள், ஊரெல்லைக்குள் புதைக்க விடாமல் யாரை எங்கே புதைத்தோம், எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா வரைக்கும் வந்தேன். பிறகு சொன்னேன்:

"அவருக்கு ரெண்டு பிள்ளைங்க. மூத்தவன் யமனப்பா, இந்த வாசல்ல பொய் சொன்னவன். சின்னவன் பாலப்பா, உசுரோட இருக்கான், அவன் நல்லா இருக்கணும். யமனப்பாவுக்குப் பொறந்தது ரெண்டு. ரெண்டாவது பேரு மல்லேசி. அவன் யமனப்பா மகன்."

அதைச் சொல்லத்தான் போனேன். கடைசி வரிக்காகத்தான் முன்வரியைச் சொன்னேன்.

கௌடர் என்னை அடிக்கவில்லை. சொந்தக்காரர்களில் ஒருவர் செருப்பைக் கழற்றினார், கௌடர்தான் தடுத்தார். கன்றை அவிழ்த்து உள்ளே கட்டச் சொன்னார். என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை. அந்த மருமகள் மட்டும் தூண் ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் முப்பாட்டி காட்டில் பிரசவித்த இடத்திலேயே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள், நான் பார்த்தேன். நீ சொல்லி அவள் அழுதிருக்கிறாளா?

விலை கொடுத்தாயிற்று. மிச்சமிருந்த என் வீடுகளில் இரண்டு, இனிமேல் வரவேண்டாம் என்று ஆள் மூலம் சொல்லிவிட்டன. மற்றவையும் சொல்லும். பெரியவன் கல் உடைக்கிற இடத்தில் எனக்கும் வேலை கேட்டிருக்கிறான்.

மல்லேசியை அனுப்பு. இல்லை, இருமல் முழுக்க நின்ற பிறகு அனுப்பு.

யமனப்பா


ஹொசூர்
21 மே 1984

அண்ணாவுக்கு,

கௌடர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கல்யாணத்தன்று காலை நானே நின்று வம்சம் சொன்னேன். மருமகள் குழந்தையின் முகத்தை மூடவில்லை. போளியில் ஏலக்காய் தூக்கலாக இருந்தது. அந்தக் கன்றை எனக்கே கொடுத்தார்கள். நீ என்ன பழக்கி வைத்தாயோ, என் கையிலிருந்து ஒரு வாய் வைக்கோல் எடுக்க மாட்டேன் என்கிறது. மல்லேசி உன்னைப் போல நாக்கைத் தட்டினால்தான் தின்கிறது.

அவனிடம் நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். உன் அப்பா உன்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார், போகிறாயா என்று கேட்டேன். ஊரில் நான் யமனப்பா மகன்தான், இங்கே மூட்டை தூக்க ஆள் வேண்டாமா என்றான். அவனுக்கு அண்ணியின் புத்தி. கல் உடைக்க மட்டும் அவனும் போகவேண்டாம், நீயும் போகவேண்டாம்.

இப்போது எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நான் நன்றாகவே சொன்னேன். மூச்சு வாங்கவில்லை, பாட்டன் பேர் யாரையும் விடவில்லை. முடித்துவிட்டுக் கும்பிட்டேன். பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர், நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு, கௌடர் காதில் ஏதோ கேட்டார். கௌடர் என்னைப் பார்த்தார்.

"பாலப்பா, உங்கண்ணன் மறுபடி எப்ப வருவான்?"

பொய் சொன்னவன் என்று செருப்பைக் கழற்றிய அதே ஆள்தான் கேட்கச் சொன்னாராம். பெண்களும் கேட்டார்களாம். அந்தக் காட்டுப் பிரசவத்தை இன்னொரு தரம் கேட்க வேண்டுமாம். என் வாசலில், என் ஜனம், நான் வம்சம் சொன்ன கல்யாண நாளில் உன்னைக் கேட்கிறார்கள். அன்றைக்கு நீ ஏன் அந்தப் பொய்யைச் சொன்னாய் என்று எனக்கு இப்போதுதான் முழுசாகப் புரிகிறது. கௌடர் கேட்டபோது எனக்கும் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அண்ணன் செத்துப்போய்விட்டான் என்று.

சொல்லவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அதனால் கேட்கிறேன், வா. அண்ணியையும் கூட்டிக்கொண்டு வா. மணியை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா. ஆனால் என் ஊர்களில் மணியை நான்தான் அடிப்பேன்.

பாலப்பா